உடம்பு போட்ட வருஷங்கள்

கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பி, கண் சுருங்கி, மாலைக்கும் மோவாய்க்கும் நடுவே கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிற அந்தக் கல்யாணப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் செண்பகவல்லி, மதுரையில், ஆஸ்பத்திரி மாடியில், டோக்கன் நம்பர் பதினேழு, பழைய போட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள் என்று போன தடவை டாக்டரம்மா சொல்லியிருந்ததால் கண்ணாடிச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றி, பழைய சேலைத் துணியில் சுற்றி, சாத்தூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள், பக்கத்தில் இருக்கிற, கூடப்பிறந்த கோமதி அக்கா எட்டிப் பார்த்து, ராசாத்தி மாதிரி இருந்தடி, என்கிறாள், இருபத்தேழு வருஷமாக இந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா இதைத்தான் சொல்லுவாள், சொல்லிவிட்டு இப்போதிருக்கிற செண்பகத்தை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்ப்பாள், எங்கே போட்டாய் அந்த உடம்பை என்று கேட்கிற மாதிரி. செண்பகத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நம்பர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள், அதற்குத்தான், வேறு காரணம் வேண்டாம் அந்த நெஞ்சுக்கு, குக்கர் விசில் அடிக்குமுன்னே அடித்துக்கொள்ளும், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினால் அடித்துக்கொள்ளும், ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணினால், என்னமோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிடும், நல்லாத்தான் இருக்கேம்மா என்று அவள் பத்து தரம் சொன்னாலும் அடங்காது. அது அடித்து ஓய்ந்ததும் அசதி வரும், கை காலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கலாம்போல ஒரு அசதி, காலையில் எழுந்து பல் துலக்கியதற்கே அன்றைக்கு வேண்டிய தெம்பு முழுக்கப் போய்விடும்.

தெம்பு இருந்த காலமும் இருந்தது, அவளுக்குப் பதினேழு வயசு, கோவில்பட்டி, அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, அக்காதான் சமைத்து, தலை சீவிவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய் வீட்டையும் பார்த்துக்கொண்டாள், அந்த அக்காவைப் பெண் பார்க்க வந்த நாலாவது கூட்டம் அது, வந்த அம்மாள் கேசரியை வாயில் போட்டுக்கொண்டே சொல்கிறாள், பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனா எலும்பும் தோலுமால்லா இருக்கு, நாளைக்கு ஒரு பிள்ளையைச் சுமக்குமா இந்த உடம்பு, கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கும் கேட்கிறது, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற செண்பகத்துக்கும் கேட்கிறது, அக்கா கையை உருவிக்கொண்டு போய் அந்தக் கேசரித் தட்டுகளைக் கழுவுகிறாள், வந்தவர்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவேயில்லை, தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள் என்று அதையும் ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அக்கா யார் முன்னாலும் போய் நிற்கவில்லை, எனக்குக் காலம் போச்சு, நீயும் என்னை மாதிரிதான் எலும்பும் தோலுமா இருக்க, உன்னை அப்படி விடமாட்டேன், என்றாள், மறுநாளே பொட்டலம் வந்துவிட்டது.

பேப்பரைச் சுருட்டி மடித்த பொட்டலம், உள்ளே வெள்ளை மாத்திரை, பேர் கிடையாது, அட்டை கிடையாது, மருந்துக்கடைக்காரர் சத்து மாத்திரை என்று சொல்லி டப்பாவிலிருந்து எண்ணிப் போட்டுக் கொடுத்தது, கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு நிறையப் பேர் வாங்கிட்டுப் போறாங்க, ஒரு மாசத்துல பாருங்க, என்றாராம், ஒரு மாசம்கூட ஆகவில்லை, பசி என்றால் அப்படி ஒரு பசி, சட்டியை வழித்துத் தின்றாலும் அடங்காத பசி, சோறு வைக்க வைக்க அக்காவுக்குப் பெருமை, கன்னம் வந்தது, தோள் வந்தது, வயிறு வந்தது, மோவாயில் பூனை முடி வந்ததை அக்கா மஞ்சளைக் குழைத்துப் பூசி மறைத்தாள், தெருக்குழாயில் தண்ணீருக்கு நிற்கும்போது, ஏ பிள்ளை, எந்த அரிசி திங்கீக, எங்களுக்கும் சொல்லக்கூடாதா, என்று கேட்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு குடம் தூக்கினாள் செண்பகம், வாசல் தெளித்தாள், துணி துவைத்தாள், தூக்கம் வரவில்லை என்று விடியுமுன்னே எழுந்து பாத்திரம் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினாள், உடம்புக்குள் ஒரு மோட்டார் ஓடுகிறது அக்கா, என்பாள், ஓடட்டும் ஓடட்டும், என்று திருஷ்டி கழிப்பாள் அக்கா. மூன்று வருஷம், ஒரு நாள் தவறாமல், காலையில் இட்லிக்குப் பிறகு அக்கா தானே வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள், தனக்கென்று ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டவள் இல்லை.

பரமசிவம் முதல் பார்வையிலேயே சரி என்றுவிட்டார், கரண்ட் ஆபீசில் லைன்மேன், அவருடைய அம்மா செண்பகத்தின் கன்னத்தைக் கிள்ளி, மகாலட்சுமி, என்றாள், தாலி கட்டின அன்றைக்கு மண்டபத்தில் பெண்ணின் பெட்டியை அடுக்கும்போது அக்கா பொட்டலத்தைக் கையில் எடுத்து யோசிக்கிறாள், புதுப் பெண் மாத்திரையும் கையுமாகப் போய் இறங்கினால் சீக்காளி என்று சொல்லிவிடுவார்கள், வேண்டாம்டி, இனி இது எதுக்கு, மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடே போதும், என்று மிச்சமிருந்ததை எச்சில் இலையோடு சேர்த்துப் போட்டுவிட்டாள், இருவரும் சிரித்தார்கள், அதுதான் நடந்தது, அவ்வளவுதான் நடந்தது, ஆனால் ஐந்தாம் நாள் காலையில் மாமியார் வீட்டு அடிபம்பில் தண்ணீர் அடிக்கிறபோது செண்பகத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டு அப்படியே சரிந்தாள், சரிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மாமியார் நிலைப்படியில் நிற்கிறாள், தூக்க வரவில்லை, கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்கள்மேல் ஒவ்வொன்றாக வைத்து நகர்த்திக்கொண்டிருக்கிறாள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, கல்யாணமாகி ஐந்தே நாள். அந்த விரல்கள் நகர்ந்ததன் அர்த்தம் அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள், ஊரிலே குளுக்கோஸ் ஏற்றினார்கள், கஞ்சிதான் இறங்கியது, எடுத்த வாந்தியிலும் தின்னாத சோற்றிலும் அந்தக் கன்னமும் தோளும் வயிறும் வந்த வேகத்திலேயே போய்விட்டன, நாற்பது நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டபோது இறங்கியது வேறு ஒரு பெண், போகும்போது இருந்த வயிறு வரும்போது இல்லை, மாமியாருக்கு இதற்குமேல் என்ன வேண்டும். சாம்பாரில் உப்புக் கூடிப்போன ஒரு மத்தியானம் அது வாயிலிருந்து வந்தேவிட்டது, அக்காளும் தங்கச்சியும் போய் வயித்தைச் சுத்தம் பண்ணிட்டு வந்துட்டாளுக, என் மகன் தலையில கட்டிட்டாளுக, சாப்பிட்டுக்கொண்டிருந்த பரமசிவம் கையை உதறிக்கொண்டு எழுந்தார், விடும்மா, இனி இந்தப் பேச்சு எடுக்கக்கூடாது, என்றார், அடுத்த மாசமே சாத்தூரில் தனி வீடு பார்த்துவிட்டார், வண்டியில் சாமான் ஏறுகிறது, செண்பகம் அவரைப் பார்க்கிறாள், கும்பிட வேண்டும்போல இருந்தது, உலகத்தில் ஒரு ஆள் என்னை நம்புகிறார், ஒரு ஆள் போதும்.

அந்த ஒரு ஆளை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலம் ஓட்டினாள், படுத்துப் படுத்து எழுந்தாள், சொகுசுக்காரி என்று பக்கத்து வீட்டில் பேர் வாங்கினாள், ஸ்கேன் எடுத்தார்கள், சத்து ஊசி போட்டார்கள், ஒன்றுமில்லை, மனசுதான், வேலை செய்தால் சரியாகிவிடும் என்றார் ஒரு டாக்டர், அவளுக்கே சந்தேகம் வந்தது, நான் நடிக்கிறேனோ, இத்தனை வருஷமாக நானே என்னை ஏமாற்றுகிறேனோ, எழுந்திருடி எழுந்திருடி என்று தன்னையே திட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாள், ஆனால் பரமசிவம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, தண்ணீர் பிடித்து வைத்தார், உலை வைத்தார், மகளுக்குச் சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார், கம்பத்தில் ஏறி இறங்கிய கையால் வந்து இவளுக்கு முதுகு பிடித்துவிட்டார், நான் கொடுத்துவைத்தவள் அக்கா, என்பாள் செண்பகம், ஆமாடி, நான் பார்த்த மாப்பிள்ளையாக்கும், என்பாள் அக்கா.

பதினேழு, என்று கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, காலையில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைப் பார்க்கிறாள், போட்டோவைப் பார்க்கிறாள், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்க்கிறாள், சின்ன வயசுல ரொம்ப நாள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா, இல்லையே டாக்டர், என்கிறாள் செண்பகம், சத்து மாத்திரையை அவள் மாத்திரைக் கணக்கில் வைத்ததே இல்லை, ஆனால் அக்கா முந்திக்கொண்டு, நாந்தான் டாக்டர் வாங்கிக் கொடுத்தேன், சத்து மாத்திரை, மூணு வருஷம், ஒரு நாள் விட்டதில்ல, அதுலதான் இப்படி ஆளானா, என்று போட்டோவைத் தட்டிக் காட்டுகிறாள், அவ்வளவு பெருமை அந்தக் குரலில். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள், இது சதை இல்லம்மா, வீக்கம், என்றாள், ஸ்டீராய்டு, பிறகு மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள், சிறுநீரகத்துக்கு மேலே இரண்டு சின்னச் சுரப்பி இருக்கிறது, உடம்புக்குத் தெம்பு கொடுப்பதும் அதிர்ச்சியைத் தாங்கவைப்பதும் அது சுரப்பதுதான், வெளியிலிருந்து வருஷக்கணக்காகக் கொடுத்தால் நமக்கு வேலையில்லை என்று அது தூங்கிப்போகும், நிறையப் பேருக்குத் திரும்ப விழித்துக்கொள்ளும், இவங்களுக்கு அரைகுறையாத்தான் விழிச்சிருக்கு, எல்லாப் படபடப்பையும் அதன் தலையில் போட முடியாது, ஆனால் பெரும்பங்கு அதுதான், எப்படி நிறுத்தினீங்க, கொஞ்சம் கொஞ்சமாவா, ஒரே நாள்லயா. ஒரே நாள்ல, என்றாள் அக்கா, குரல் இறங்கிவிட்டது. நிறுத்தின நாலைஞ்சு நாள்ல வாந்தி, மயக்கம் வந்திருக்குமே, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும், வந்துச்சா.

அஞ்சாம் நாள், என்றாள் செண்பகம். டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள், இதுவும் அதே வகைதான், உடம்பு தானாகச் சுரக்காததை அளவாகக் கொடுக்கிறோம், நீங்களா நிறுத்திடக்கூடாது, என்று இரண்டு தரம் சொன்னாள், அக்கா அந்தச் சீட்டை வாங்கக் கை நீட்டவில்லை, செண்பகமே வாங்கிக்கொண்டாள்.

பஸ் விருதுநகர் தாண்டியதும் அக்கா சொல்கிறாள், நானே உன்னைக் கொல்லப் பார்த்திருக்கேன்டி, போக்கா, உனக்கு என்ன தெரியும், என்கிறாள் செண்பகம், கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள், வரவில்லை, இட்லிக்குப் பிறகு வாயில் மாத்திரை போட்ட அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன, மாப்பிள்ளைகிட்டச் சொல்லணும், என்றாள் அக்கா, அந்த வாந்தி எதுனால வந்துச்சுன்னு நான் என் வாயாலே சொல்லணும், வேண்டாம்க்கா, அவுக என்னைக்கும் என்னைச் சந்தேகப்பட்டதே இல்ல, சொன்னா உன் மேலதான் கோபப்படுவாக, எதுக்கு அது, என்றாள் செண்பகம், படட்டும்டி, என்றாள் அக்கா.

வீட்டுக்கு வரும்போது பரமசிவம் டூட்டி முடிந்து வந்து அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், வாங்க மதினி, உட்காருங்க, காபி போடுதேன், என்றார், அக்கா உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள், எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை, பேர் இல்லாத மாத்திரை, அதைத் தூக்கிப் போட்டது, டாக்டர் கேட்ட கேள்வி, எல்லாம் சொல்லி, அன்னைக்கு உங்க வீட்டுல அவ வாந்தி எடுத்தது அதுனாலதான் மாப்பிள்ளை, அத்தை நினைச்ச மாதிரி ஒண்ணும் இல்ல, என் தப்பு, நீங்க என்னை எது வேணும்னாலும் சொல்லுங்க, என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரமசிவம் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து வந்தார், என்ன மதினி இது, அந்தப் பழைய கதையை எதுக்கு இப்ப இழுத்துக்கிட்டு, அதை நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன், இத்தனை வருஷத்துல இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா, நீங்களே இவகிட்டக் கேட்டுப் பாருங்க, என்றார், முகத்தில் கள்ளமே இல்லை, செய்த நல்ல காரியத்தைத் தன் வாயால் சொல்ல நேர்ந்துவிட்டதே என்கிற கூச்சம்தான் இருந்தது. மன்னிக்கதுக்கு அங்க ஒண்ணும் நடக்கலையே மாப்பிள்ளை, என்று அக்கா பதறினாள். சரி மதினி, நீங்க சொன்னாச் சரிதான், அழாதீங்க, என்றார் அவர்.

செண்பகம் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, அதுதான் ஆச்சரியம், இத்தனை நாள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அடித்த நெஞ்சு இப்போது சும்மா இருக்கிறது, பிடித்து வைத்த தண்ணீர், வைத்த உலை, பின்னின சடை, பிடித்துவிட்ட முதுகு, ஒவ்வொன்றாக வந்து போகின்றன, எல்லாம் நல்ல மனசோடு செய்ததுதான், தப்புப் பண்ணினவள் என்று நினைத்துச் செய்தது, நம்பிச் செய்தது இல்லை, இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, வலித்தது, நன்றாகவே வலித்தது. அவர் தம்ளரில் தண்ணீரும் புது மாத்திரையுமாக வந்து முன்னால் குனிகிறார், இந்தா, டாக்டர் சொன்னபடி போட்டுக்க, என்கிறார், அவள் வாங்காமல் அவர் முகத்தைப் பார்க்கிறாள், கேட்டிருக்கலாம், என்றாள். அவருக்குப் புரியவில்லை, என்னது, என்றார். என்கிட்ட நீங்க ஒரு நாள் கேட்டிருக்கலாம், இல்லைன்னு சொல்லியிருப்பேனே.