கடைசி முழு வாசிப்பு

அந்த நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் மகா கெட்டிக்காரர்கள். பின்னால் வருகிறவன் எவனும் இதில் கை வைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் கடைசியாக ஒரு பிரிவைச் செருகிவிட்டுப் போனார்கள். திருத்தம் செய்ய வேண்டுமா? முதலில் சட்டம் முழுவதையும் அவையில் ஒரே நாளில் உரக்க வாசிக்க வேண்டும். வாசித்துப் புத்தகத்தை மூடும்போது, இருநூறு உறுப்பினர்களில் நூற்றைம்பது பேராவது இருக்கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும். வாசிக்க எட்டு மணி நேரம் ஆகும். உண்ட மயக்கத்தில் எந்த மகராசன் அதுவரை உட்கார்ந்திருப்பான்? ஐம்பது வருடமாக ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அவையின் வாசிப்பாளராக இருந்தவள் பதினாறு முறை அதை முழுக்க வாசித்திருக்கிறாள். பதினாறு முறையும் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் புத்தகத்தை மூடியிருக்கிறாள்.

அந்தப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கம் வரும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். 'குடிமகனான தந்தைக்குப் பிறந்தவர் இந்நாட்டவர்' என்று அதில் இருந்தது. அவள் கணவர் பக்கத்து நாட்டுக்காரர், காலமாகிவிட்டார். மகளோ இதே ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, இதே ஊர்ப் பள்ளியில் படித்தவள். செவிலியர் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் குடியுரிமைச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"பொறந்த ஊர்லயே நான் விருந்தாளியாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அன்றிரவு தாய் சோற்றை ஆறவிட்டுத் தன் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வரியை மாற்றத் தயார்தான். மாற்ற விடாதது அந்தக் கடைசிப் பிரிவு. ஆகவே, இந்த முறை அதையே நீக்குவதற்கு மசோதா வந்தது. ஆனால் அதை நீக்கவும் ஒருமுறை முழுசாக வாசித்தாக வேண்டுமே!

எதிர்த்தவர் ஒரு மூத்த உறுப்பினர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பூட்டு' என்பார்கள். அவர் வாதாடுவதே இல்லை. மதியச் சாப்பாடு அவருக்காக வாதாடும்போது அவர் ஏன் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? பதினோரு மணிக்கு முன்னால் அவர் அவைக்குள் கால் வைத்ததும் கிடையாது.

ஒரு வாரம் முன்பு அவள் அவைத்தலைவரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, முழுக்க வாசிக்கணும்னுதானே இருக்கு? முதல் பக்கத்துலேருந்து வரிசையா வாசிக்கணும்னு எங்கயாவது இருக்கா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பிரிவை இரண்டு முறை படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இல்லம்மா. எங்கயுமே இல்ல."

அந்த நாளும் வந்தது. காலை ஒன்பது மணிக்கு அவள் ஆரம்பித்தது பின்னிணைப்புகளை. ஆறுகள், மலைகள், எல்லைக் கற்கள் என்று இரண்டு மணி நேரம். வழக்கமாக மாலையில் மிச்சமிருக்கும் ஆட்களையும் விரட்டியடிக்கும் பகுதி அது. கேட்டவர்கள் நாற்பது பேர், அதில் பாதிப் பேர் தூக்கம். பதினோரு மணிக்குப் பூட்டு வந்தபோது அவள் முதல் பக்கத்தில் இருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பின்னும் வாசித்து, மாலையில் ஒரே ஒரு அத்தியாயம் மிச்சமிருந்தபோது எண்ணிப் பார்த்தாள். எழுபத்தொரு தலை. மற்றவர்கள் சிற்றுண்டிச் சாலையில் அரட்டையில் இருந்தார்கள். அங்கே சுவரில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, தான் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்த அத்தியாயத்தை எடுத்தாள்.

"உறுப்பினர் ஒருவர் பதவி இழப்பதற்கான காரணங்கள்," என்று நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

அரை டம்ளர் காப்பிகள் மேசையிலேயே நின்றன. முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அடுத்து உறுப்பினர்களின் சலுகைகள்: வீடு, வாகனம், ஆயுள் முழுக்க ஓய்வூதியம். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொன்றாக ஊட்டினாள். தன் சொத்தைப் பற்றிய பேச்சென்றால் யாருக்குத்தான் காது நீளாது? பூட்டும் தன் ஆட்கள் முப்பது பேருடன் வந்து, காதில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிச் சலுகையை வாசித்தாள். புத்தகத்தை மூடினாள். மணி அடித்தது, வழக்கப்படி கதவுகள் சாத்தப்பட்டன.

பூட்டு துள்ளி எழுந்தார். "என்ன இது? ஆறு, மலையெல்லாம் எங்க? இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கே!"

"அதெல்லாம் காலையில ஒன்பது மணிக்கே வாசிச்சாச்சுங்க," என்றார் அவைத்தலைவர். "நீங்கதான் வரல."

அவை அதிர்ந்து சிரித்தது. எண்ணினார்கள்: நூற்று அறுபத்து மூன்று. அந்த முப்பத்தோரு பேரும் உள்ளே இல்லையென்றால் நூற்று முப்பத்திரண்டுதான், அன்றும் கதை கந்தலாகியிருக்கும். இப்போதோ அந்த நூற்று முப்பத்திரண்டு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. ஐம்பது வருடப் பிரிவு ஒழிந்தது. அவளுக்கு அங்கேயே விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

பார்வையாளர் மாடத்தில் குடிமக்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால் மகள் வெளிவாசலில், காவலாளியின் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா! அடுத்து என்னம்மா?"

தாய் பையிலிருந்து தன் பிரதியை எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தாள். 'தந்தைக்கு' என்பதன் பக்கத்தில் 'அல்லது தாய்க்கு' என்று பென்சிலால் எழுதிக் காட்டினாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் அவை அந்த இரண்டு சொற்களைச் சேர்த்தது. அவள் வாசிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. வழக்கம்போலப் பதினோரு மணிக்குப் பூட்டு வந்து உட்கார்ந்தபோது, அவள் மகள் இந்த நாட்டுக்காரியாகிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.