படகு தண்ணீர் குடித்த நாள்

அந்தப் பாய்மரப் படகு, விட்டுப்போன கணவனின் கடைசிப் பொருள். விற்றுத் தொலைத்தால்தான் டிங்காவுக்கு நிம்மதி. குளிர்காலம் முழுக்கப் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, வண்ணம் பூசியவளும் அவள்தான். முர்டெர் தீவின் படகுத்துறையில் இறக்கியதுமே படகுக்குள் தண்ணீர் கசிந்தது. வாங்க வந்த யோஸோவின் முன்னால் அவள் குன்றிப்போனாள்.

அவர் சிரித்தார். "மூஞ்சிய ஏன் தொங்கப்போடற? காஞ்ச மரம் முதல்ல குடிக்கத்தான் செய்யும். கசியாம இருந்தா, எதையோ பூசி நீ ஏமாத்துறன்னு நெனச்சுப் போயிருப்பேன்."

"முழுகிடுச்சுன்னா?"

"நீந்தி வந்து உன்னைத் திட்டறேன்."

மாலையில் அவள் தண்ணீரை இறைத்து வைத்தாள். காலையில் பார்த்தால், பலகைகள் ஊறி இறுகி, உள்ளே சொட்டு ஈரமில்லை.

யோஸோ பணத்தைக் கொடுத்துவிட்டு, படகின் பாயை விரித்துக் கிளம்பினார். அழுகை வருமென்று பயந்திருந்தாள் டிங்கா. வந்தது நல்ல பசி.