ஷிஜியின் சுடிதார்

குளியலறையில் அண்டா நிறைய வெந்நீர் ஆவி பறந்தது. வாசலில் நின்று தங்கபுஷ்பத்தின் நாத்தனார் சீயக்காய் கரைத்துக்கொண்டே, "ஏட்டி ஷிஜி, தலைக்கு ஊத்திட்டா எல்லாம் போச்சு. அந்தச் சுடிதாரைக் கழத்து, அலசிப் போட்டிருதேன்" என்றாள்.

தங்கபுஷ்பம் குளியலறைக் கதவை இழுத்துப் பூட்டினாள்.

அரை மணி முன்புதான் மகள் மழையில் நனைந்து வந்து சொல்லியிருந்தாள். அவள் கணக்கெழுதும் திருவொற்றியூர் சரக்குக் கிடங்கில், முதலாளி மகன் நெல்சன் கதவைச் சாத்திவிட்டான். இருபத்துமூன்று வயதுப் பெண் அதற்குமேல் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

"குளிக்கப்புடாது. துணியை அலசப்புடாது. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருமேட்டி" என்றார் கணவர் சாலமன். வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடம் மிளகாய் மண்டி நடத்தியவர். எடை அதிகாரிக்குப் பயப்படாதவர் ஊர் வாய்க்குப் பயந்தார்.

"தெரியட்டும். களவு போன கடையைக் கூட்டிப் பெருக்கி வச்சிட்டா, போலீஸு வந்து எதைப் பாக்கும்?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் மரியம் ஒவ்வொன்றுக்கும் ஷிஜியின் சம்மதம் கேட்டே மாதிரிகள் எடுத்தார். பெண் போலீஸ் அந்த ஈரச் சுடிதாரைப் பிளாஸ்டிக் பையில் திணித்தாள்.

"எம்மா, ஈரத்தோட அதுல கட்டாதீங்க. மிளகா வத்தலே ரெண்டு நாள்ல பூத்துரும்."

"இன்னாம்மா, எனுக்கே பாடம் நட்த்துற? இது இன்னா உன் மண்டியா?"

"அவங்க சொல்றதுதான் சரி" என்றார் மரியம். "பூஞ்சை பிடிச்சா டிஎன்ஏ கெட்டுடும். நிழல்ல காயவெச்சு, காகித உறையில போடுங்க."

உறைக்கு முத்திரை விழும்வரை தங்கபுஷ்பம் அங்கிருந்து நகரவில்லை.

'அவளைத் தொட்டதே இல்லை' என்றான் நெல்சன். அதை நம்ப ஆளுக்கா பஞ்சம்? வியாபாரிகள் சங்கத் தலைவர் வீடு தேடி வந்து, "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆதாரம் ஆய்வகத்தில் வரிசையில் நின்றது, பதினொரு மாதம்.

அறிக்கை வந்தது. சுடிதாரில் இருந்தது நெல்சனின் டிஎன்ஏதான்.

அடுத்த ஞாயிறே தலைவர் மறுபடி வந்தார். இம்முறை கையில் தாம்பூலத் தட்டு.

"இனிமே சந்தேகமே இல்லல்லா? அவன்தான்னு மெஷினே சொல்லிட்டு. பேசாம அவனுக்கே கெட்டிக் குடுத்துருவோம். பிள்ளைக்கும் ஒரு வாழ்க்கை ஆச்சு."

சாலமனின் கை தட்டை நோக்கி அரை அடி நகர்ந்தது. தங்கபுஷ்பம் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"வியாழக்கிழமை கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறேன், மாமா" என்றாள் ஷிஜி. "அவனும் வருவான். தட்டை அங்க எடுத்துக்கினு வாங்க. இப்ப சொன்னதை அப்படியே ஜட்ஜு முன்னாலயும் சொல்லுங்க."