எய்வாஸின் கட்டைவிரல்

இறந்தவர்களைக் குளிப்பாட்டும் மெஷ்தி குர்பான் கத்தியை எடுத்த நேரத்தில்தான் சோனா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கத்தியால என்ன பண்றே?"

"நீ ஏன் தங்கச்சி உள்ள வந்தே? பெயிண்டு காய்ஞ்சு ஏடு கட்டியிருக்கு பாரு. தண்ணி தோல்ல படலைன்னா குளிப்பாட்டு செல்லாது. சுரண்டித்தான் ஆகணும்."

கல்மேடையில் அவள் கணவர் எய்வாஸ் கிடந்தார். வலது கட்டைவிரல் நகமே தெரியாமல் சிவந்திருந்தது. அவர் கடையில் நிறம் வாங்கியதே இல்லை. ஊருக்குப் பின்னால் வரிவரியாகச் சிவப்பும் மஞ்சளும் சாம்பல்பச்சையுமாக நிற்கும் மலையில் மண் தோண்டி, அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, அந்த மலையையே வரைவார். தூரிகை பாதி, கட்டைவிரல் பாதி. நேற்று மதியமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தம்பி நபி போய்க் கூப்பிட்டபோது உயிர் இல்லை.

"கத்தியை வை. நான் எடுக்கறேன்."

"பொம்பளை நீ இங்க..."

"பொண்டாட்டி புருஷனைக் கழுவலாம். முல்லாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

வெளியே நபியின் குரல் பதறியது. "அண்ணி, மேகம் கறுத்துக்கிட்டு வருது! குழி களிமண்ணு. மழை எறங்குச்சுன்னா குளமா நிக்கும். அண்ணனைத் தண்ணியிலயா படுக்க வைக்கிறது?"

சோனா சால்வைக்குள்ளிருந்து வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"மண்ணெண்ணெய் போட்டா சட்டுன்னு போயிடும்," என்றார் மெஷ்தி.

"எரியும் அவருக்கு."

மெஷ்தி கத்தியைக் கீழே வைத்தார்.

அவள் கட்டைவிரலில் வெண்ணெயைத் தேய்த்தாள். துணியால் உருட்டினாள். மறுபடி தேய்த்தாள். "எத்தனை வாட்டி சொன்னேன். கையைக் கழுவிட்டு ரொட்டியைத் தொடுங்கன்னு. கேட்டீங்களா? என் வீட்டு ரொட்டியெல்லாம் உங்க மலை. எனக்கு மலையைத் திங்கப் பிடிக்காதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே." முப்பத்தொரு வருஷம் அந்த மலைமேல் அவளுக்குப் பொறாமை. இப்போதும் இருந்தது. அது தீருமென்று தோன்றவில்லை.

ஏடு பிசுபிசுத்துக் கழன்றது. சிவப்புக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பழைய சிவப்பு. தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

"அண்ணி!"

"இதோ வந்துட்டோம்!"

கடைசியில் நகம் தெரிந்தது. ஆனால் தோல் சிவப்பாகவே இருந்தது. மெஷ்தி முகம் சுளித்தார். "இன்னும் இருக்கே."

"உன் நகத்தால சுரண்டிப் பாரு. ஏதாவது வருதா? வெறும் நிறம். மருதாணி மாதிரி. மருதாணி வச்ச பொம்பளையைத் தோலை உரிச்சா குளிப்பாட்டுறீங்க?"

மெஷ்தி சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். "சரி, இது தண்ணியை மறிக்காது. நீ வெளிய போ தாயி." இலந்தை இலைத் தண்ணீரைச் செம்பில் மொண்டார்.

மழை வலுப்பதற்குள் அடக்கம் முடிந்தது. குழியில் ஒரு விரற்கடைதான் தண்ணீர் நின்றது. அதையும் நபி இறங்கித் துணியால் ஒற்றி எடுத்திருந்தான்.

வீட்டில் விரிப்புப் போட்டு ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தார்கள். நபியின் மனைவி அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "அக்கா, மய்யித்தைத் தொட்டிருக்கீங்க. வெந்நீர் போட்டிருக்கேன். குளிச்சிட்டு வந்துடுங்க, கையெல்லாம் பாருங்க, நகத்துக்குள்ள எல்லாம்..."

சோனா கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்புறம் குளிக்கறேன். பசிக்குது."

ரொட்டியைப் பிய்த்தாள். ரொட்டியின் வெள்ளையில் அவள் கட்டைவிரல் சிவப்பாகப் பதிந்தது. அந்தத் துண்டை முதலில் வாயில் போட்டுக்கொண்டாள்.