சிவப்பு வண்டிக்குக் கறுப்புப் பெயிண்ட்

லூசி அம்மாளுக்குச் சந்தேகம் வராத நாள் என்றால் அது பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஓடாத நாளாகத்தான் இருக்க வேண்டும். பால்காரன் பாலில் தண்ணீர் ஊற்றுகிறான் என்று ஊரே சந்தேகப்பட்டது. ஊற்றுகிற தண்ணீராவது நல்ல தண்ணீரா என்று சந்தேகப்பட்டவள் லூசி ஒருத்திதான். கோயிலில் காணிக்கைத் தட்டு வரும்போது, முன் வரிசைக்காரர் போட்டது காசா பொத்தானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிலுவை போட்டுக்கொள்வாள்.

அவள் கணவர் இருதயம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். போகும்போது கிள்ளானில் ஒரு கடைவீட்டையும் வெரோனிகா என்ற ஒரே மகளையும் விட்டுவிட்டுப் போனார். கடை வாடகையில்தான் வீட்டில் உலை கொதித்தது. மகள் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு வந்த முதல் மாப்பிள்ளை அதிகமாகச் சிரித்தான். குடிப்பான் என்று லூசி அனுப்பிவிட்டாள். இரண்டாவதாக வந்தவன் ஜெயராஜ், கிள்ளான் பள்ளிக்கூட வாத்தியார். நகை வேண்டாம், சீதனம் வேண்டாம், பெண்ணைக் கொடுத்தால் போதும் என்றான். ஒன்றுமே கேட்காதவன் எதையோ மறைக்கிறான் என்று லூசி அவனையும் அனுப்பிவிட்டாள். ஜெயராஜ் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, போன பாஸ்காத் திருநாளில் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து வெரோனிகா தாயிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருத்தி பேசாவிட்டால் வீடு எப்படி இருக்கும்! லூசி பயந்துபோய் மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்: அடுத்த மாப்பிள்ளையைப் பற்றிச் சந்தேகமாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

அடுத்த மாப்பிள்ளையாக வந்தவன் லியனார்ட். ஈப்போவில் சர்வே ஆபீஸில் வேலை. வழித்த தாடை, மடிப்புக் கலையாத கோட்டு. அவனும் நகை கேட்கவில்லை. ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கேட்டான்.

"புதுசெல்லாம் வேணாம் அத்தை. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? செகண்ட் ஹேண்ட் போதும். பத்து ரோடுன்னு இருக்கே, அங்க தம்புசாமி கராஜ்ல ஒண்ணு நிக்குது."

பழையதே போதும் என்று சொல்லும் மாப்பிள்ளையை லூசி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். காருக்காகக் கிள்ளான் கடையை விற்பதென்று வாங்க ஆள் பார்த்தாயிற்று, மோதிரமும் மாற்றியாயிற்று. இனி வண்டியைப் பார்த்து முடித்தால், கடையை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் கராஜுக்குப் போனார்கள். வண்டி நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டே சீட்டு, நீள மூக்கு, கம்பிச் சக்கரம், ரம்புத்தான் பழச் சிவப்பு. இத்தாலிக்காரன் செய்தது, அதன் பேர் லூசியின் வாயில் நுழையவில்லை.

"காஜாங்ல ஒரு சீன முதலாளி, தவுக்கே, வச்சிருந்தாரும்மா" என்றார் கராஜ்காரர் தம்புசாமி, துணியால் கையைத் துடைத்தபடி. "ஈயச் சுரங்கக்காரர். சாமி பக்தி சாஸ்தி, ஊதுவத்தியைக் கட்டுக் கட்டா கொளுத்துவார். வண்டியை வெளியவே எடுக்க மாட்டார். உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி மாத்திக்கலாம்லா. கம்பிச் சக்கரம் வேணாமா, தகட்டுச் சக்கரம் இருக்கு. சீட்டுக்கு வேற தோல் இருக்கு. வேகமா போறதுக்கு மூக்குல காத்து ஊதுற மிஷின் இருக்கு. ஹூட்டு, ஹாரன், லாம்பு, எல்லாம் உங்க இஷ்டம்."

"எதுக்கு அத்தை? இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றான் லியனார்ட்.

இதைக் கேட்டதும் லூசிக்கு என்னவோ உறுத்தியது. பெண் பார்க்க வந்த அன்று, காப்பிக்குச் சீனி போதாது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பியவன் இவன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு காரில் மாற்ற ஒன்றுகூட இல்லையா?

விலையைக் கேட்டாள். தம்புசாமி சொன்னார். சொல்லும் முன் ஒரு தரம் லியனார்டின் முகத்தைப் பார்த்தார். குறைத்துக் கேட்டாள். தம்புசாமி மறுபடி லியனார்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். காசு கொடுக்கப் போகிறவள் நான், இந்த ஆள் ஏன் அவனையே பார்க்கிறான்? லூசி இன்னும் கொஞ்சம் பேரம் பேசப் போனாள்.

"அத்தை, இது என்ன மீன் பாசாரா? நியாயமான விலைதான், விடுங்க" என்று லியனார்ட் சலித்துக்கொண்டான்.

வெரோனிகா தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் லூசிக்குத் தெரியும். ஆரம்பிச்சிட்டீங்களா அம்மா, என்பதுதான் அது. லூசி வாயை மூடிக்கொண்டாள்.

பேச்சை மாற்றுவதற்காகக் கைப்பையிலிருந்து ஒரு சுரூபத்தை எடுத்தாள். பயணக்காரர்களைக் காக்கும் புனித கிறிஸ்தோபரின் உருவம் பொறித்த உலோக வில்லை, வட்டச் சுரூபம். சாமியாரிடம் மந்திரித்து வாங்கி வைத்திருந்தாள். கார் வைத்திருக்கும் கத்தோலிக்கர் எல்லாரும் ஸ்டீரிங்குக்கு எதிரே பலகையில் அடித்துவைக்கும் சுரூபம்தான். எங்கே வைக்கலாம் என்று குனிந்து பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். வெயில் பட்டு மங்கிய பலகையில் ஓரிடம் மட்டும் வட்டமாக மங்காமல் இருந்தது. மேலே ஓர் ஆணித் துளை, கீழே ஓர் ஆணித் துளை.

ஊதுவத்தி கொளுத்தும் தவுக்கேயின் காரில் கிறிஸ்தோபருக்கு என்ன வேலை?

லூசி சுரூபத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள். சொல்லலாம். சொல்லி, அது தவறாகப் போனால்? தவுக்கேவுக்கு முன்னால் வேறு யாரோ வைத்திருந்தது என்று ஒரு வார்த்தையில் மடக்கிவிடுவார்கள். மூன்றாவது மாப்பிள்ளையும் போவான். மகள் சாகும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டாள். சொல்லாமல் விட்டாலோ, கடையும் போகும், மகளும் எவனிடமோ போவாள். அந்த எண்ணெய் நாற்றத்தில் நின்றபடி அவள் மாதாவையே துணைக்குக் கூப்பிட்டாள். அப்போதுதான் தோன்றியது: சந்தேகத்தை வாயால் சொல்ல மாட்டேன் என்றுதானே நேர்ச்சை? ஆர்டர் கொடுக்க மாட்டேன் என்று நேரவில்லையே!

சுரூபத்தைப் பையில் போட்டாள். முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"விலை உங்க விலைதான் தம்புசாமி அண்ணே. ஆனா எனக்குப் பிடிச்ச மாதிரி மாத்தித் தரணும். மொதல்ல இந்தச் சிவப்பு வேணாம். கறுப்பு அடிச்சிடுங்க."

"கறுப்பா?" என்றான் லியனார்ட்.

"சிவப்புல அழுக்கு தெரியும் மாப்பிள்ளை. அப்புறம் இந்தத் தோலைப் பிரிச்சுப் போட்டுட்டு தேங்கா நார் மெத்தை வைங்க, இடுப்புக்கு நல்லது. இந்தப் பெரிய லாம்பு ரெண்டையும் கழட்டிடுங்க, மாட்டுக் கண்ணு மாதிரி இருக்கு. மூக்குல ஏதோ காத்து ஊதுற மிஷின் இருக்குன்னீங்களே, வேகமா போறதுக்கு? அதுவும் வேணாம். மெதுவா போனா போதும்."

லியனார்டின் கழுத்து நரம்பு புடைத்தது. தம்புசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்ன இது?" என்றாள் வெரோனிகா தணிந்த குரலில்.

"இரு வெரோனி. அண்ணே, பின்னாடி இந்த வாலு எதுக்கு? அதை அறுத்துட்டு ஒரு பெட்டி வச்சிடுங்க. பாசாருக்குப் போனா கோழிக் கூடை வைக்கலாம். முடியாதுன்னா சொல்லுங்க, வேற கராஜ் பார்க்குறேன்."

"முடியும்மா, முடியும்" என்றார் தம்புசாமி. அந்தக் குரலில் உயிரே இல்லை.

"அடியில என்ன பெயிண்ட் இருக்குன்னு மட்டும் பார்த்துடுறேன்" என்று லூசி, மேசையில் கிடந்த சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனாள். கதவின் நடுவில், வெயில் பட்டுப் பளபளக்கும் இடத்தில், தகட்டின் முனையை வைத்தாள்.

லியனார்ட் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கையை எடுங்க! இந்தக் கலர் சிங்கப்பூர்லேர்ந்து வர நான் எத்தனை மாசம் காத்துக் கிடந்தேன் தெரியுமா?"

தம்புசாமி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக நழுவினார். லியனார்ட் அவள் கையை விட்டான்.

லூசி தகட்டை வைத்துவிட்டுச் சுரூபத்தை எடுத்து, பலகையில் மங்காத வட்டத்தின்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"உங்க சுரூபத்தை எங்க கழட்டி வச்சிருக்கீங்க மாப்பிள்ளை? ஈப்போவிலயா?"

அவன் இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டான். தெரிந்ததும் துணிச்சல் வந்துவிட்டது.

"எப்படியும் வண்டி எனக்குத்தானே வரப்போகுது? அது யாருகிட்டேர்ந்து வாங்கினா உங்களுக்கு என்ன?"

"கடை வித்த காசும் உங்களுக்கு, காரும் உங்களுக்கு. தம்புசாமிக்குத் தரகு. எங்களுக்கு என்ன மாப்பிள்ளை, பெட்ரோல் வாடையா?"

வெரோனிகா மோதிரத்தைக் கழற்றினாள், விரலில் கொஞ்சம் சிக்கியது, திருகி எடுத்தாள். அதைச் சிவப்பு வண்டியின் சீட்டில், அவள் உட்காரவேண்டிய பக்கத்தில், வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

ரிக்‌ஷாவில் ஏறியதும் லூசிக்குச் சந்தோஷத்தில் உட்காரவே முடியவில்லை. இத்தனை வருஷம் ஊரெல்லாம் அவளைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்தது. இன்று கடை தப்பித்தது, மகள் தப்பித்தாள், நேர்ச்சையும் தப்பவில்லை! தம்புசாமி முழித்ததையும், லியனார்டின் கழுத்து புடைத்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மகள் ஒரு வார்த்தை, நல்லவேளை அம்மா என்று ஒரே வார்த்தை, சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் திருப்பம் வந்தபோதுதான் வெரோனிகா பேசினாள்.

"அம்மா, ஜெயராஜையும் இப்படி ஏதாவது வச்சுச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

லூசியின் சிரிப்பு நின்றது. ஜெயராஜ் வந்த அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டது ஞாபகம் வந்தது. தண்ணீர் கொடுத்தாள். வேறு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவன் படியிறங்குமுன்பே முடிவு பண்ணிவிட்டாள்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல வெரோனி" என்றாள்.

அந்த ரிக்‌ஷாவில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். வெரோனிகா தன் பக்கத்து ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டாள். வீடு வரும்வரை தோள் இடிக்கவே இல்லை.