எழுதி அழித்த பதில்

காலை ஒன்பதரைக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வருடம் கழித்து. "பன்னெண்டு மணிக்கு உங்க ஊர் ஸ்டேஷன்ல என் ரயில் இருபது நிமிஷம் நிக்கும். வர்றியா?"

தையல் கூடத்தில் துணி வெட்டுவது என் வேலை. கத்தரி வைத்த பிறகு ஒட்ட முடியாது என்பதால் மூன்று முறை அளந்துதான் வெட்டுவேன். அந்தப் பழக்கம் கையோடு நிற்காமல் மண்டைக்குள்ளும் குடியேறிவிட்டது. அக்காவின் கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது எப்படி விசாரிப்பது என்று யோசித்து யோசித்தே ஒரு வாரத்தை ஓட்டினேன். அதற்குள் அவர் வீடு திரும்பிவிட்டார். அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். தப்பு என்னுடையதுதான். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பொய். ஆனால் எதுவும் ருசிக்கவில்லை.

"வர்றேன்" என்று எழுதினேன். மொட்டையாக இருந்தது. "கண்டிப்பா வர்றேன்" என்றால், அன்றைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்பாளே? மன்னிப்பிலிருந்து ஆரம்பித்தேன், ஒரு பக்கம் நீண்டது. அழித்தேன். சிரிக்கிற முகம் ஒன்று போட்டேன். அதைப் பார்க்க எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

எதிர் மேஜையில் பட்டன் வைக்கிறவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னடி, பரீட்சையா எழுதறே?"

"அக்காவுக்குப் பதில்."

"வர்றேன்னு போட்டுட்டு வேலையைப் பாரேன்."

சொல்வது சுலபம். நான் எட்டாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தபோது அக்காவே அனுப்பினாள். "வண்டி வந்துடுச்சு. காலைலேர்ந்து நீ எழுதறதும் நிறுத்தறதும் இங்க தெரியுது. வரமுடியாதுன்னு சொல்ல இவ்வளவு கஷ்டப்படாதே."

மணி பன்னிரண்டு ஐந்து. கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நடைமேடையை அடைந்தபோது ஐந்து நிமிடம்தான் பாக்கி. எதிரே இருபது பெட்டிகள். "எந்தப் பெட்டி?" என்று அனுப்பினேன்.

'டைப் செய்கிறார்' என்றது திரை. நின்றது. மறுபடி டைப் செய்தாள். மறுபடி நின்றது. ஒரு நம்பரைச் சொல்ல அப்படி என்ன யோசனை? எனக்குக் கெட்ட கோபம் வந்தது. "அக்கா! அக்கா!" என்று ஜன்னல் ஜன்னலாகக் கத்திக்கொண்டு ஓடினேன். ஊரே பார்த்தது.

விசில் ஊதிவிட்டார்கள். ஏழாவது பெட்டியின் வாசலில், கையில் போனோடு நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

"இருடி, உனக்குத்தான் பதில் எழுதிட்டிருக்கேன்" என்றாள்.

ரயில் நகர ஆரம்பித்திருந்தது. நான் ஏறிவிட்டேன்.