இரண்டு செருப்பளவு தேக்கு

1

2023 ஏப்ரல் 1, சனிக்கிழமை. நெம்மேலிக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில், கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திய பாய்மரப் படகின் தேக்குத் தளத்தை வச்சலா கழுவத் தொடங்கினாள்.

கடலரிப்பு பற்றி எழுதப் போன இடத்தில் இந்த வாக்கியம் என் குறிப்பேட்டில் ஏறியது. செய்தியில் அதற்கு இடமில்லை. அதனால் கதை.

2

முதல் தொடக்கம்: "வெயிலில் வெளுத்த தேக்கு, ஒரு விதவையின்—"

அடித்துவிட்டேன். வச்சலா விதவை என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கணவன் ஜம்புலிங்கம் இந்தப் படகுக்குக் காவல் இருந்தவன். இரண்டு வருடம் முன்பு பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனான். ஏழு மாதமாக ஃபோன் இல்லை.

கிளம்பிய அன்று, விமானத்துக்கென வாங்கிய ஷூவைப் படகின்மேல் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பைத் தளத்திலேயே விட்டுப் போனான். காவல் வேலை வச்சலாவுக்கு வந்தது. அவள் செருப்பை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கினாள். அவரே வந்து எடுக்கட்டும் என்றாளாம்.

(இந்தக் கரையில் செருப்போடு படகில் ஏறமாட்டார்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று நானே கேட்டுவிட்டேன். ஜம்புலிங்கத்தின் தம்பி லோகு சொன்னான்: "தண்ணில கீறப்பதான் சார் அது படகு. தரைல நின்னா மொட்ட மாடி. அண்ணன் சட்டம்.")

3

படகைச் சொந்தக்காரர் புதுச்சேரிக்கு விற்றுவிட்டார். திங்கட்கிழமை கொண்டுபோகிறார்கள். அதற்குள் வெயிலில் வெளுத்த தளத்தின் சாம்பல் நிறம் போக்கி எண்ணெய் பூச வேண்டும்.

லோகு சிப்பி சுரண்டும் கம்பி பிரஷ் கொண்டுவந்தான்.

"அத்தப் போட்டு தேச்சா மரம் கிழிஞ்சிடும். உன் முதுவ தேச்சிக்கோ போ."

சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், மர ரேகைக்குக் குறுக்காக, அழுத்தாமல். ஞாயிறு காலையில், செருப்பைச் சுற்றி ஒரு முறம் அளவு மட்டும் மிச்சமிருந்தது. வச்சலா செருப்பைத் தூக்கினாள். சாம்பல் மரத்தில் பழுப்பாக இரண்டு பாதங்கள்.

"இன்னா அண்ணி பாத்துகினே கீற?"

"உங்கண்ணன் காலுடா."

"காலா அது? கட்டுமரம்."

அவள் சிரித்தாள். பிரஷ்ஷை எடுக்கவில்லை.

4

முடிவு அ: அந்த இடத்தைக் கழுவாமல் விடுகிறாள். (வாங்கியவரின் ஆள் மாலையில் பார்க்க வருகிறான். நடக்காது.)

முடிவு ஆ: ஃபோன் அடிக்கிறது. அவள் ஈரக்கையோடு எடுத்து—

இதை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஃபோனில் யார் என்று எழுத முடியவில்லை.

நடந்தது இது: அந்த இடத்தையும் கழுவினாள். கழுவினால் தடம் அழியும் என்று நினைத்திருந்தேன். அழியவில்லை. தேக்கின் சொந்த நிறமே அதுதான். சாம்பல் போனதும் மற்ற பலகைகள் அந்த நிறத்துக்கு வந்துவிட்டன. எது பாதம், எது பலகை என்று தெரியவில்லை.

"மறுபடி வெளுக்குமா சார்?" என்று வச்சலா கேட்டாள்.

"எண்ணெய் பட்ட இடம் சீக்கிரம் வெளுக்காது. படாத இடம் ஒரு வருடத்தில் சாம்பலாகிவிடும்."

மரம் காய்ந்ததும் செருப்பைப் பழைய இடத்தில் வைத்து, ஓரத்தை ஒட்டி எண்ணெய் பூசினாள். எண்ணெய் ஊறியதும் எடுத்தாள்.

"அண்ணி, எண்ண பத்தலியா?"

"பத்துச்சு."

லோகு எண்ணெய் டப்பாவை மூடினான். மாலையில் பார்க்க வந்த ஆள் எண்ணெய் படாத இடத்தின்மேலேயே நின்று, சரி என்றான்.

5

இதற்குமேல் எனக்குத் தெரியாது. புதுச்சேரிப் பக்கம் ஏதாவது படகில், பழுப்புத் தளத்தில் சாம்பலாக இரண்டு பாதங்களைப் பார்த்தால், மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கியவர்கள் எண்ணெய் பூசி மூடியிருந்தால், அதையும்.

ஏப்ரல் 3, திங்கள் காலை எட்டரைக்கு டிரெய்லர் வந்தது. படகு போனது. ஃபோன் வரவில்லை.